அலைக்கு அந்தப் பக்கம்: படகு பற்றிய வாசகர் கேள்விகள்

புதுச்சேரி, கடலூர் பக்கம் படகுச் சவாரி, படகுப் பயிற்சி பற்றி ஏதாவது கேட்க வேண்டுமென்றால் எழுதுங்கள் என்று போன இதழில் ஒரு மூலையில் போட்டிருந்தோம். வந்ததில் பாதி ‘ரேட் என்ன?’ என்ற கேள்விதான். நான் ரேட்டை எழுதி, அது அச்சாகி, உங்கள் கைக்கு வருவதற்குள் மாறிவிடும், அதனால் அதைக் கவுண்டரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

டிசம்பர் கடைசி வாரம் மாமியார் (68 வயது), ஐந்து வயதுப் பையன் உட்பட எட்டுப் பேர் புதுச்சேரி வருகிறோம். கடலில் படகு போகலாமா, சுண்ணாம்பாறு மட்டும் போதுமா? மாமியாருக்குத் தண்ணீர் என்றாலே பயம்.
– வாசகி, திருவண்ணாமலை

சுண்ணாம்பாறு போதும்மா. ‘மட்டும்’ என்று அதைக் குறைத்துச் சொல்ல வேண்டாம், உங்கள் கூட்டத்துக்கு அதுதான் சரியான இடம். செஞ்சிப் பக்கத்து மலையிலிருந்து வரும் சங்கராபரணி ஆறு வில்லியனூரைத் தாண்டி இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை அரியாங்குப்பத்து ஆறு, இன்னொன்று சுண்ணாம்பாறு. கடலூர் ரோட்டில் நோணாங்குப்பம் பாலத்தை ஒட்டி அரசு சுற்றுலாக் கழகத்தின் போட் ஹவுஸ் இருக்கிறது, பஸ் ஸ்டாண்டிலிருந்து சுமார் 8 கி.மீ. நின்று நின்று போகிற கடலூர் பஸ்ஸில் ஏறினால் வாசலிலேயே இறங்கிக்கொள்ளலாம்.

டிசம்பர் கடைசி வாரம் என்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. முதல் காரணம் கூட்டம். புத்தாண்டுக்கு ஊரே இங்கே வந்துவிடும், பத்து மணிக்குப் போனால் படகில் ஏறுவதற்கு முன்பே பையன் அழுது தூங்கிவிடுவான். வார நாளாகப் பார்த்து கவுண்டர் திறக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கள். இரண்டாவது காரணம் வானிலை. மழைக்காலம் கார்த்திகையோடு முடிந்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், ஆனால் 2011-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது டிசம்பர் 30-ஆம் தேதி காலையில். 2024-இல் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. மேலே எங்கோ மழை பெய்தாலும் வெள்ளம் இங்கேதான் வந்து சேரும், அந்த நேரத்தில் ஆறு பார்க்க அமைதியாக இருந்தாலும் அடியில் இழுக்கும். படகை நிறுத்திவைத்திருக்கிறோம் என்று சொன்னால் சண்டை போடாமல் திரும்பிவிடுங்கள்.

அடுத்தது லைஃப் ஜாக்கெட். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கு தெரிகிறது என்று எல்லோரும் ஒரே பக்கம் எழுந்துபோனதில் படகு சாய்ந்ததாகச் சொன்னார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் 22 பேர். 2023 மே 7-இல் கேரளத்துத் தானூரில் இன்னொரு 22 பேர், அளவுக்கு மீறி ஆளேற்றிய படகு அது. இந்த மூன்றில் ஒன்றுகூட நடுக்கடலில் நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒன்று அணைத்தேக்கம், ஒன்று ஏரி, ஒன்று ஆறு, எல்லாமே கரை கண்ணுக்குத் தெரிகிற தண்ணீர்.

ஜாக்கெட்டைப் போட்டதும் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது பெரிய சைஸ், தண்ணீரில் ஆள் கீழே நழுவிவிடுவார். பையனுக்குச் சின்ன சைஸாகக் கேட்டு வாங்குங்கள், காலுக்கு நடுவே கட்டுகிற பட்டை இருந்தால் இன்னும் நல்லது. பெரியவர்கள் சைஸை அவனுக்குச் சுற்றிக் கட்டிவிட்டு ‘இதெல்லாம் போதும் மேடம்’ என்று யாராவது சொன்னால் அந்தப் படகில் ஏறாதீர்கள். மாமியாரைப் படகின் நடுவில் உட்காரவையுங்கள், ஓரத்தில் வேண்டாம். ஆட்டம் நடுவில்தான் குறைவு. அவர் கையை யாராவது பிடித்துக்கொண்டிருந்தால் பாதி பயம் போய்விடும்.

படகு கொண்டுபோய் விடுகிற பாரடைஸ் பீச் மணல் திட்டு அழகுதான், ஆனால் அங்கே கடலில் குளிக்க இறங்க வேண்டாம். ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தை ஒட்டிய இடம் அது, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று உள்ளூர்க்காரர்களே யோசிப்பார்கள்.

கடலூர் சில்வர் பீச்சில் அவ்வளவு நீளமான கடற்கரை இருந்தும் ஏன் படகுச் சவாரி கோவா மாதிரி இல்லை?
– வாசகர், பண்ருட்டி

ஐயா, நம் கரையில் தடுப்பே இல்லை. வங்காள விரிகுடாவின் அலை எதிலும் முட்டாமல் நேரே வந்து கரையில் உடைகிறது. அந்த உடைகிற அலையைத் தாண்டிப் போவதுதான் வேலையே, தாண்டிவிட்டால் கடல் ஓரளவு சாதுவாகிவிடும்.

இது இன்று நேற்றுப் பிரச்சினை இல்லை. கப்பல்காலத்தில் சென்னையிலும் புதுச்சேரியிலும் கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கையும் ஆளையும் சலங்கு என்ற படகில்தான் கரைக்குக் கொண்டுவருவார்கள். வெள்ளைக்காரர்கள் அதை மசூலா படகு என்றார்கள். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்திருப்பார்கள், அலை அறையும்போது படகு உடையாமல் நெளிந்துகொடுக்கும். கட்டுமரமும் அதே மூளைதான். அதில் தண்ணீர் ஏறினாலும் நிற்க இடமில்லை, இடுக்கு வழியாக ஒழுகிப் போய்விடும். அந்தப் பெயரை ஆங்கிலேயர்கள் எடுத்துக்கொண்டுபோய் இரண்டு உடல் கொண்ட படகுக்கு வைத்துவிட்டார்கள், அது தனிக்கதை.

அதனால் சில்வர் பீச் இருக்கும் தேவனாம்பட்டினத்தில் கரையிலிருந்து சுற்றுலாப் படகைத் தள்ளிவிடுவது என்பது பெரியவர்களையும் குழந்தைகளையும் வைத்துச் செய்கிற வேலை இல்லை. சில்வர் பீச்சுக்குக் காற்று வாங்கப் போங்கள், சுண்டல் வாங்கிச் சாப்பிடுங்கள். படகு வேண்டுமென்றால் அதே மாவட்டத்தில் பிச்சாவரம் இருக்கிறது.

பிச்சாவரத்தில் மோட்டார் படகா, துடுப்புப் படகா? எத்தனை மணிக்குப் போவது?
– வாசகி, விருத்தாசலம்

துடுப்பு. கேள்வியே வேண்டாம். மோட்டார் படகு அகலமான வாய்க்காலில் மட்டும் ஓடும், சத்தம் போடும், பறவைகளையெல்லாம் கிளப்பிவிட்டு உங்களைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடும். துடுப்புப் படகுதான் கிளைகள் தலைக்கு மேல் கூடுகிற குறுகலான வாய்க்காலுக்குள் நுழையும். அங்கே நுழையவில்லை என்றால் பிச்சாவரம் போனதாகவே கணக்கில்லை.

காலையில் போங்கள், வெயிலுக்கு முன்பு. படகுக்காரரிடம் மரங்களின் பெயரைக் கேளுங்கள். காலை ஊன்றி நிற்பது போல வேர்விட்டிருப்பது சுரபுன்னை. சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக வேரை மேலே நீட்டி மூச்சு வாங்குவது வெண்கண்டல். இவற்றோடு தில்லை மரமும் உண்டு, சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான அதே மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, கிளையை ஒடித்து விளையாட வேண்டாம்.

அப்புறம், கூடுதலாகப் பணம் கொடுத்தால் இன்னும் உள்ளே போகிறேன் என்று படகுக்காரர் சொல்லலாம். பேரம் உங்கள் இஷ்டம், ஆனால் இறங்கிய பிறகு இல்லாமல் ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

நெய்வேலியில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சும்மா உட்கார்ந்து சவாரி போக விருப்பமில்லை, நானே ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். நீச்சல் அரைகுறை. மூன்று நாள் லீவில் எவ்வளவு கற்கலாம்?
– வாசகர், நெய்வேலி

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அரை மணி நேர மோட்டார் படகுச் சவாரிக்குக் கொடுக்கிற காசில் இன்னும் கொஞ்சம் போட்டால் ஒரு கயாக் (துடுப்புப் போட்டு நாமே ஓட்டுகிற ஒடுக்கமான சின்னப் படகு) பாடம் கிடைக்கும். ஒன்றில் நீங்கள் மூட்டை, இன்னொன்றில் படகோட்டி. எதற்கு மூட்டையாக வேண்டும்?

உப்பங்கழியில் தொடங்குங்கள், கடலில் வேண்டாம். புதுச்சேரிப் பக்கத்து உப்பங்கழிகளில் கயாக் பயிற்சி தருபவர்கள் இப்போது இருக்கிறார்கள். மேலே உட்கார்ந்து ஓட்டுகிற மாதிரிக் கயாக்காகப் பார்த்துச் சேருங்கள். கவிழ்ந்தால் நீங்கள் தனியாக விழுவீர்கள், உள்ளே மாட்டிக்கொள்ள வழியில்லை.

முதல் நாள் துடுப்பைப் பிடிப்பதே பாடம். புதிதாக வருபவர்களில் நிறையப் பேர் துடுப்பின் தட்டையான முனையைத் தலைகீழாகப் பிடிப்பார்கள், அதன் குழிந்த பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும். அப்புறம் எல்லோரும் கையால் இழுப்பார்கள். அரை மணியில் தோள் செத்துவிடும். துடுப்பைக் கால் விரல் பக்கம் இறக்கி, இடுப்புக்கு நேரே வரும்போது எடுத்துவிட வேண்டும், இழுப்பது கை இல்லை, உடம்பைத் திருப்புகிற திருப்பு. ஆட்டுக்கல் ஆட்டும் பாட்டியைப் பார்த்திருந்தால் புரியும், அவர் வெறும் மணிக்கட்டால் ஆட்டியதில்லை.

இரண்டாம் நாள் வேண்டுமென்றே கவிழ வேண்டும். இதைச் சொல்லித்தராத இடத்தில் சேராதீர்கள். சேருவதற்கு முன் நேரடியாகவே கேளுங்கள்: ‘கவிழ்ந்தால் திரும்ப ஏறச் சொல்லித் தருவீர்களா?’ சிரித்து மழுப்பினால் அடுத்த இடம் பாருங்கள். கவிழ்ந்த படகை நிமிர்த்தி, பக்கவாட்டில் நின்று, கால்களைத் தவளை மாதிரி உதைத்துக்கொண்டே வயிற்றால் படகின் மேல் ஏறிப் படுத்து, பிறகு புரண்டு உட்கார வேண்டும். முதல் தடவை யாருக்கும் வராது, ஐந்தாவது தடவை வந்துவிடும். படகை மட்டும் விடவே கூடாது. கரை பக்கம்தானே என்று அதை விட்டுவிட்டு நீந்திப் போவதில்தான் ஆட்கள் போகிறார்கள். மிதக்கிற படகு உங்களைத் தாங்கும், தேடி வருபவர்கள் கண்ணுக்கும் தெரியும். அரைகுறை நீச்சலுக்கு ஜாக்கெட் போதுமா என்றால், கழியில் ஆசான் பக்கத்தில் இருக்கும்வரை போதும். தனியாகப் போகும் ஆசை வந்தால் முதலில் நீச்சலை முழுசாக்குங்கள்.

மூன்றாம் நாள் காற்று. இதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் கரையில் பெரும்பாலான நாட்களில் விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று போகும், வெயில் ஏறினதும் பதினொன்று, பன்னிரண்டு வாக்கில் கடலிலிருந்து நிலத்துக்குத் திரும்பும். வெயிலில் நிலம் சீக்கிரம் சூடாகிறது, அதன் மேலுள்ள காற்று எழும்புகிறது, அந்த இடத்துக்குக் கடல்காற்று உள்ளே வருகிறது. மீனவர்கள் பாய் கட்டிப்போன காலத்தில் இருட்டில் நிலக்காற்றோடு போய்க் கடல்காற்றோடு திரும்பினார்கள், டீசல் செலவே இல்லை.

நான் இதை அடிபட்டுத்தான் கற்றேன். ஒரு நாள் ஏழரைக்கு இறங்க வேண்டியவன் டீ, வடை, அரட்டை என்று இழுத்துப் பதினொன்றரைக்குக் கயாக்கை எடுத்தேன். ஆற்றில் மேற்கே போனேன், பறந்தது. அட, நமக்கு இவ்வளவு தெம்பா என்று பெருமை வேறு. திரும்பின பிறகுதான் தெரிந்தது, அத்தனை நேரம் தள்ளியது என் கை இல்லை, முதுகில் அடித்த கடல்காற்று. நாற்பது நிமிடத்தில் போன தூரத்தைத் திரும்பிக் கடக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று, உள்ளங்கையில் நான்கு கொப்புளம். போகும்போது எதிர்காற்று, வரும்போது முதுகுக்காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றி வைத்தால் இப்படித்தான் ஆகும்.

பெங்களூரிலிருந்து நண்பர்கள் நாங்கள் நான்கு பேர் சர்ஃபிங் கற்க செரினிட்டி பீச் வருகிறோம். ஒரு பாடத்தில் நிற்க முடியுமா?
– வாசகர், பெங்களூரு

பலரும் முதல் பாடத்திலேயே ஒன்றிரண்டு விநாடி நின்றுவிடுகிறார்கள். கரையை நோக்கி வரும் வெள்ளை நுரையில், பெரிய மெத்தைப் பலகையில் நிற்பது அது. அலையின் முகத்தில் போவது வேறு கதை, அதற்கு மாதக்கணக்காகும்.

செரினிட்டி பீச் புதுச்சேரி என்று எல்லோரும் சொன்னாலும் இடம் கோட்டக்குப்பத்தை ஒட்டியது, விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. அங்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கருங்கல் தடுப்புகளைப் பார்ப்பீர்கள். ஆண்டில் பெரும்பகுதி மணல் நம் கரையில் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980-களின் கடைசியில் அரியாங்குப்பத்து ஆற்று வாயில் துறைமுகச் சுவர் கட்டியதும் மணல் அங்கேயே தேங்கிவிட்டது, வடக்கே கரை அரித்துக்கொண்டே போனது, அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினார்கள். கல்லை ஒட்டிக் கடலை நோக்கி ஓடும் நீரோட்டம் உண்டு. தெரிந்தவர்கள் அதில் ஏறிச் சிரமமில்லாமல் உள்ளே போவார்கள், தெரியாதவர்களை அதே நீரோட்டம் கொண்டுபோய்விடும். அப்படி இழுத்தால் கரையை நோக்கி முட்டி நீந்தாதீர்கள். பலகையை விடாமல், கல்லுக்கு எதிர்த்திசையில், கரைக்கு இணையாக நகருங்கள். இழுப்பு குறைந்த இடத்தில் அலையே கரைக்குத் தள்ளிவிடும்.

விழும்போது தட்டையாக விழுங்கள், தலைகுப்புற வேண்டாம். ஆழம் இடுப்பளவுதான் இருக்கும். மேலே வரும்போது இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு வாருங்கள், பலகை எங்கே விழும் என்று சொல்ல முடியாது. முக்கியமாக, முந்தின இரவு ‘பார்ட்டி’ வேண்டாம். நான்கு பேர், பெங்களூர், புதுச்சேரி என்றதும் சொல்லத் தோன்றியது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மீனவர் படகில் காசு கொடுத்தால் கடலுக்குள் கூட்டிப்போவார்களா? அதுதானே அசல் அனுபவம்?
– வாசகர், சேலம்

கேட்டால் யாராவது சரி என்று சொல்லிவிடுவார்கள், அதனால்தான் கேட்காதீர்கள் என்கிறேன். ஃபைபர் படகு மீன்பிடிக்கப் பதிவானது, ஆளேற்ற இல்லை. ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ் கிடையாது, வழக்கு அவர் தலையில். உங்கள் ஒரு மணி நேர அனுபவத்துக்கு அவர் பிழைப்பைப் பணயம் வைக்கக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், படகெல்லாம் சும்மாதானே நிற்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நிற்பது விசைப்படகுகள், சின்னப் படகுகள் அப்போதும் மீனுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும்.

அசல் அனுபவம் வேண்டுமென்றால் விடிந்ததும் கடலூர் முதுநகர் துறைமுகத்துக்கோ புதுச்சேரியின் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்கோ போய் மீன் இறங்குவதைப் பாருங்கள். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். 1 என்றால் தூரத்தில் எங்கோ கடல் கலங்கியிருக்கிறது, கடைசி எண் 11. ஒன்றாம் எண் ஏறினாலே அன்றைக்குப் படகுத் திட்டத்தைத் தள்ளிவைத்துவிடலாம். கடலில் யாராவது ஆபத்தில் இருப்பதைப் பார்த்தால் கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554.

என் மகளுக்கு 14 வயது. பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய கடற்படைப் பெண் அதிகாரிகளைப் பற்றிப் படித்ததிலிருந்து அதே நினைப்பு. இது நமக்கெல்லாம் ஒத்துவருமா? எங்கே சேர்ப்பது?
– வாசகி, கடலூர் புதுப்பாளையம்

நமக்கெல்லாம் என்றால்? அந்த இருவரில் ஒருவரான லெப்டினன்ட் கமாண்டர் ரூபா புதுச்சேரிக்காரர். கோழிக்கோட்டு தில்னாவும் அவரும் தாரிணி என்ற 56 அடிப் படகில் 2024 அக்டோபர் 2-இல் கோவாவிலிருந்து கிளம்பி, 2025 மே 29-இல் திரும்பினார்கள். 25,400 கடல் மைல், நம் கணக்கில் சுமார் 47,000 கி.மீ. கூடவே இன்னொரு பெயரையும் மகளிடம் சொல்லுங்கள்: சென்னையின் நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண். அவர் தொடங்கியது ஒரு கோடை முகாமில்தான்.

பக்கத்தில் ஒழுங்கான பாய்மரப் பயிற்சி என்றால் சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய சங்கங்கள்தான். தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கத்தின் கோடை வகுப்புகளை விசாரியுங்கள். குழந்தைகளுக்கான ஆப்டிமிஸ்ட் என்ற சின்னப் படகில் 15 வயதுவரைதான் போட்டியிடலாம். உங்கள் மகள் விளிம்பில் இருக்கிறாள், அதனால் நேரே அடுத்த படகான இல்கா 4-இல் சேர்க்கச் சொன்னாலும் யோசிக்காதீர்கள், அவள் உயரத்துக்கு அதுவே வசதியாக இருக்கலாம்.

அதுவரை வீட்டில் செய்ய ஒரு வேலை உண்டு. முடிச்சுகள். இறுக்கினாலும் வேண்டும்போது அவிழ்கிற முடிச்சுதான் படகில் முடிச்சு. துணிக்கொடிக் கயிற்றில் கண்ணை மூடிக்கொண்டு போடப் பழகட்டும். சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று காற்று எங்கிருந்து வருகிறது என்று கன்னத்தால் சொல்லப் பழகட்டும். பாய்மரப் படகு காற்றுக்கு நேர் எதிரே போகாது, இப்பக்கம் செங்கோணத்தில் பாதி, அப்பக்கம் செங்கோணத்தில் பாதி என்று வளைந்து வளைந்துதான் ஏறும். காற்று எங்கே என்று தெரியாதவருக்கு அந்த வளைவு வராது.

படகில் ஏறினாலே வாந்தி. மருந்து உண்டா?
– வாசகி, திண்டிவனம்

வெறும் வயிறும் ஆகாது, பூரிக்கிழங்கும் ஆகாது. இரண்டு இட்லி போதும். படகின் நடுவில் உட்கார்ந்து, தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள், போனைப் பார்க்கவே பார்க்காதீர்கள். ஒரு துண்டு இஞ்சி பலருக்குக் கேட்கிறது. மாத்திரை என்றால் டாக்டரிடம் கேட்டு, ஏறுவதற்கு அரை மணி, ஒரு மணி முன்பே போட வேண்டும். குமட்டத் தொடங்கிய பிறகு போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வரும்.

லைஃப் ஜாக்கெட் போட்டால் போட்டோவில் குண்டாகத் தெரிகிறேன். போட்டோ எடுக்கும் ஒரு நிமிடம் மட்டும் கழற்றலாமா?
– வாசகி, புதுச்சேரி முத்தியால்பேட்டை

கழற்றாதீர்கள். கரைக்கு வந்து, படகின் முன்னால் நின்று எடுத்துக்கொள்ளுங்கள், வெளிச்சமும் அங்கேதான் நன்றாக இருக்கும்.